அவசரமில்லாத ஔஷதம்

கோட்டயத்தில் புறப்பட்டு, முண்டக்கயத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்கி, குட்டிக்கானம், பீர்மேடு என்னும் மேட்டு நிலங்களைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களின் ஊடே வளைந்து வளைந்து வண்டிப்பெரியாரை அடைகின்ற நெடுஞ்சாலை, அங்கிருந்து குமுளிக்குப் போய், மலையின் மறுபுறமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காலத்திலே மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் திரட்டிக்கொண்டு வந்த குடும்பங்களின் சந்ததியார் இன்றைக்கும் இந்தத் தோட்டங்களின் லயங்களில் வசிக்கிறார்கள். வீட்டிலே தமிழும் கடைவீதியிலே மலையாளமுமாக அவர்களுடைய ஜீவனம் நடக்கிறது. காலையில் பேர் பதிந்துவிட்டுக் கொழுந்துக் காட்டுக்குப் போகிறவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் பலர், புறப்படுவதற்கு முன் ஒரு சிறிய வெள்ளை வில்லையைக் கட்டஞ்சாயாவோடு விழுங்கிவிட்டுத்தான் படியிறங்குகிறார்கள். ‘பிரஷர் மாத்திரை’ என்பது லயத்தில் அதற்கு வழங்கும் பெயர். அம்லோடிபின் என்பது சாஸ்திரப் பெயர். ஐந்து மில்லிகிராம் எடையுள்ள சரக்கு அதில் இருக்கிறது. மீதியெல்லாம் மாத்திரைக்கு உருவம் கொடுப்பதற்காகச் சேர்த்த மாவு.

கால்சியம் தடுப்பான்கள் என்று வைத்திய நூல்கள் சொல்லும் ஔஷத வகையைச் சேர்ந்தது இது. வேகமே சிறந்த குணமென்று கொண்டாடப்படும் காலத்தில் பிறந்த இந்த வகையின் விருத்தாந்தத்தைக் கூர்ந்து நோக்கினால், ஒரு மருந்து படிப்படியாக நிதானத்தைக் கற்றுக்கொண்ட சரித்திரமாகவே அது எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பாடம் எளிதில் கிடைத்ததல்ல. சில நோயாளிகளின் பிராணனை விலையாகக் கொடுத்துத்தான் வைத்திய உலகம் அதைப் பெற்றது.

இரத்த அழுத்தம் என்பது என்னவென்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இருதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,00,000 தடவை சுருங்கி விரிகிறது. சுருங்கும்போதெல்லாம் அது தள்ளும் இரத்தம் பெருநாடியில் புகுந்து, கிளை கிளையாகப் பிரிந்து, முடிவில் தலைமயிரைக் காட்டிலும் நுண்ணிய தமனிகளை வந்தடைகிறது. இந்த நுண்தமனிகளின் சுவரில் வளையம் வளையமாக மென்தசை சுற்றியிருக்கிறது. தசை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். பாரிஸ் நகரத்து வைத்தியரான புவாஸேய், 1828இல் பாதரசம் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டு பிராணிகளின் இரத்த அழுத்தத்தை அளந்தவர். குழாய்க்குள் திரவம் ஓடும் விதியையும் பிற்பாடு கண்டு சொன்னார். அந்த விதியின்படி, குழாயின் ஆரம் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினாலே போதும், ஓட்டத்துக்கு உண்டாகும் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அற்ப விரிவுக்கு இத்தனை பெரிய பலன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஐந்து மில்லிகிராம் சரக்கு ஒரு மனித சரீரத்தின் இரத்த ஓட்டத்தையே மாற்றிவிடுவது எப்படி என்ற சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நமக்கு 150, 90 என்று சொல்லும் எண்கள் பாதரசத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்பவையே.

மீதிச் சந்தேகம் தீர வேண்டுமானால், லண்டன் மாநகரத்தின் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிட்னி ரிங்கர் என்பவர் அந்நகரத்து யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியராகவும் வைத்தியராகவும் இருந்தவர். தவளையின் இருதயத்தை உடலிலிருந்து பிரித்தெடுத்து, உப்புக் கரைசலிலே வைத்து, அது எவ்வளவு நேரம் துடிக்கிறதென்று கவனிப்பது அவருடைய ஆராய்ச்சிகளில் ஒன்று. 1882இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சாதாரணச் சமையலுப்பின் கரைசலிலேயே இருதயம் நன்றாகத் துடிக்கிறது என்று எழுதினார். எழுதிய சில மாதங்களுக்குள் ஒரு விபரீதம் நேர்ந்தது. அதே உப்பு, அதே அளவு, அதே தவளையினம்; ஆனால் இருதயமோ சற்று நேரத்துக்குள் சோர்ந்து நின்றுவிட்டது. காரணத்தைத் துருவிப் பார்த்தபோது, முன்னே செய்த கரைசல்கள் வாலைவடித்த சுத்த ஜலத்தில் கரைக்கப்படாமல், நியூ ரிவர் கம்பெனி என்ற குடிநீர் ஸ்தாபனம் நகரத்துக்கு வழங்கிய குழாய்த் தண்ணீரில் கரைக்கப்பட்டவை என்பது தெரியவந்தது. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. சுத்த ஜலக் கரைசலில் சொற்பமாகக் கால்சியம் உப்பைச் சேர்த்தபோது, ஓய்ந்துகிடந்த இருதயம் மறுபடி துடிக்கலாயிற்று.

வேறொருவராக இருந்தால் வேலைக்காரனைக் கடிந்துவிட்டு, கரைசலை மாற்றிக்கொண்டு, விஷயத்தை அத்தோடு மறைத்திருக்கலாம். ரிங்கர் அப்படிச் செய்யவில்லை. முன்பு எழுதியது பிழையென்பதையும், பிழைக்குக் காரணம் குழாய்த் தண்ணீர் என்பதையும், தண்ணீரில் இருந்த உப்புகளின் பட்டியலையும் 1883இல் வெளிவந்த கட்டுரையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். எலும்புக்கும் பல்லுக்கும் சேரும் சுண்ணாம்பு என்று மட்டுமே அதுவரை கருதப்பட்டுவந்த வஸ்து, தசையின் இயக்கத்துக்கே இன்றியமையாதது என்ற உண்மை இப்படித்தான் உலகத்துக்குக் கிடைத்தது. சாஸ்திர சரித்திரத்தில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்புகள் எத்தனையோ உண்டு. இதைவிட நேர்மையாக அறிவிக்கப்பட்டவை மிகச் சிலவே என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கால்சியம் என்ன காரியம் செய்கிறது? உயிரணு ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் அடங்கியிருக்கிறது. சவ்வுக்கு வெளியே உள்ள கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல் பதினாயிரம் மடங்கு. முல்லைப்பெரியாற்றின் குறுக்கே 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் வாழும் வண்டிப்பெரியார் ஜனங்களுக்கு இந்த நிலைமையை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை: மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, கீழே ஆறு ஒடுங்கி ஓடுகிறது, எல்லாம் மதகை எப்போது, எவ்வளவு, எத்தனை நேரம் தூக்குகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. சவ்விலும் அத்தகைய மதகுகள் உண்டு. மின்சார அழுத்தம் மாறும் கணத்தில் அவை திறந்து, ஒரு விநாடியின் மிகச் சிறிய பகுதி நேரத்துக்குக் கால்சியத்தை உள்ளே விட்டு, உடனே மூடிக்கொள்கின்றன. உள்ளே நுழைந்த கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள, அது ஒரு நொதியைத் தூண்ட, நுண்தமனியின் தசையிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இறுகுகின்றன. இருதயத்தில் இந்தக் கிரமம் சற்று வேறுபடுகிறது. அங்கே வெளியிலிருந்து நுழையும் கொஞ்சம் கால்சியம், தசைக்குள் ஏற்கெனவே சேமிப்பாக இருக்கும் நிறையக் கால்சியத்தை அவிழ்த்துவிடுகிறது. அதன் பின்னரே துடிப்பு பிறக்கிறது.

கை கால்களில் உள்ள தசைகளின் விஷயம் மூன்றாவது விதம். அவை இயங்குவதற்கு வெளியிலிருந்து கால்சியம் வர வேண்டியதே இல்லை. சவ்வில் உள்ள வாயில் மின்சார மாறுதலை உணர்ந்து உட்சேமிப்புக்குச் செய்தி சொன்னால் போதுமானது. ஆகையால், கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை நுண்தமனியைத் தளர்த்துகிறதே தவிர, கையைத் தளர்த்துவதில்லை. இது ஏதோ ஏட்டில் மட்டும் இருக்க வேண்டிய நுட்பமன்று. நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் கூடுதல் காசு என்ற ஏற்பாட்டில், பையோடு பிணைத்த கத்தரியை நாள் முழுவதும் இயக்கும் ஒரு பெண்பிள்ளை, புதிதாக மாத்திரை எழுதித் தரும் டாக்டரைப் பார்த்து, “இதைத் தின்னா கை அசந்துபோகுமா சார்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியிலே அவளுடைய மாதச் சம்பளம் முழுவதும் அடங்கியிருக்கிறது. “போகாது” என்று டாக்டர் திடமாகச் சொல்லலாம். சொல்வதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு.

ரிங்கருக்குப் பிறகு எண்பது வருஷங்கள் வரை, கால்சியத்தை வேண்டுமென்றே தடுத்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் திட்டமாக உண்டாகவில்லை. மேற்கு ஜெர்மனியின் பிரைபுர்க் சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன், 1960களின் தொடக்கத்தில், இரண்டு புதிய மருந்துகள் ஏன் இருதயத்தின் வலுவைக் குறைக்கின்றன என்று ஆராய முற்பட்டார். அவற்றுள் ஒன்று வெராபமில். க்னோல் கம்பெனியில் பெர்டினாண்ட் டெங்கல் என்ற ரசாயனி, அபினிச் செடியில் கிடைக்கும் பப்பாவெரின் என்னும் சத்தின் அமைப்பை ஆதாரமாகக் கொண்டு ஆக்கியது. இருதயத் தமனிகளை விரிப்பதற்கென்று அதைக் கொண்டுவந்தார்களே தவிர, அது எப்படி வேலை செய்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. கால்சியம் இல்லாத கரைசலில் இருதயம் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே இந்த மருந்து ஊட்டிய இருதயமும் நடந்துகொள்வதையும், கால்சியத்தைக் கூட்டினால் மருந்தின் விளைவு மறைவதையும் பிளெக்கன்ஸ்டைன் 1964 வாக்கில் கண்டார். ‘கால்சிய எதிரி’ என்று ஒரு புதிய மருந்து வகைக்கே அவர் நாமகரணம் செய்தார். பத்தாண்டுகளுக்குள் ஜப்பானிலிருந்து தில்டியாசெம் வந்தது. வெராபமிலும் தில்டியாசெமும் நுண்தமனிகளோடு இருதயத்தையும் சேர்த்து நிதானப்படுத்துபவை. நாடி திடீரென்று 180, 200 என்று ஓடத் தொடங்கும் சில வகைப் படபடப்புகளுக்கு வெராபமில் இன்றும் கைகண்ட மருந்து. ஆனால் ஏற்கெனவே சக்தி குன்றிய இருதயத்துக்கு அதைக் கொடுப்பதும், பீட்டா தடுப்பான்களோடு அதைச் சேர்ப்பதும் ஆபத்து. வெராபமில் உண்டாக்கும் மலச்சிக்கலைப் பற்றி நோயாளிகள் டாக்டரிடம் முறையிடாத நாளில்லை.

நம் கதைக்கு முக்கியமான கிளை வேறு. ரிங்கர் தவளையோடு உழன்றுகொண்டிருந்த அதே 1882ஆம் வருஷத்தில், ஆர்தர் ஹான்ச் என்ற ஜெர்மானிய இளைஞர், ஒரு ஆல்டிஹைடையும் அசிட்டோ அசிட்டிக் எஸ்டரையும் அம்மோனியாவையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துக் காய்ச்சினால் டைஹைட்ரோபிரிடின் என்ற வளையச் சேர்மம் விளைகிறதென்று எழுதி வைத்தார். அதனால் யாருக்கும் அப்போது பிரயோஜனம் உண்டாகவில்லை. பேயர் கம்பெனியின் ரசாயனி பிரீட்ரிஹ் பாஸர்ட், இருதயத் தமனியை விரிக்கும் மருந்து ஒன்றைத் தேடும் வேலையை 1948இல் தொடங்கினார். எகிப்து தேசத்து மூலிகை ஒன்றின் சத்தாகிய கெல்லின் அவருக்கு வழிகாட்டி. வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் செய்து தள்ளியபின், ஹான்ச் காட்டிய பழைய சமையல் முறைக்கே அவர் வந்து சேர்ந்தார். வுல்ப் வாட்டர் என்ற மருந்தியல் நிபுணர் அவருக்குத் துணை. அவ்விருவரின் உழைப்பில் கிடைத்த மஞ்சள் நிறப் பொருள்தான் நிபெடிபின். வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் சுபாவம் உடையதாதலால், ஆய்வுக்கூடத்திலேயே அதைக் காப்பாற்றுவது பெரும் சிரமமாயிற்று. 1975இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, ஒளி புகாத உறைக்குள் திரவமாக அடைத்துத்தான் விற்றார்கள்.

நிபெடிபினுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இருதயத் தசையின் சவ்வு துடிப்புகளுக்கு இடையே நன்றாக ஓய்வெடுக்கிறது. தமனித் தசையின் சவ்வோ எப்போதும் அரைகுறை விழிப்பிலேயே இருக்கிறது. அரைகுறை விழிப்பில் உள்ள வாயில்களைத்தான் இந்த மருந்து விரும்பிப் பற்றுகிறது. ஆகையால் இருதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாமல் தமனிகளை மாத்திரம் விரிக்க முடிந்தது. வைத்தியர்கள் மகிழ்ந்துபோனார்கள். மகிழ்ச்சி மிகுந்த இடத்திலேதான் விவேகம் குறையும் என்பதற்கு அடுத்து வந்த இருபது வருஷங்களே சாட்சி.

1980களில் உலகமெங்கும், நம் நாட்டிலும்கூட, ஒரு வழக்கம் பரவியது. அழுத்தம் 200, 120 என்று ஏறிய நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால், நிபெடிபின் உறையைக் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாக்குக்கு அடியில் பிழிந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எண் மளமளவென்று இறங்கும். வந்தவரும் திருப்தியடைவார், வைத்தியரும் திருப்தியடைவார். நாக்கின் அடியில் உள்ள சவ்வு வழியாக அந்த மருந்து ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை, விழுங்கிய பிறகு குடலிலேதான் உறிஞ்சப்படுகிறது என்பது பின்னால் தெரியவந்தது. வழக்கத்தின் அஸ்திவாரமே கற்பனை. அதைவிடக் கொடிய விஷயம் ஒன்று உண்டு. நீண்டகாலமாக உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிப்போன மூளையும் இருதயமும், அழுத்தம் சட்டென்று சரிந்தால் தங்களுக்கு வேண்டிய இரத்தத்தைப் பெற முடியாமல் தவிக்கும். அழுத்தம் வீழ்ந்ததை உணர்ந்த நரம்புகள் பதறி, இருதயத்தை மேலும் வேகமாகத் துடிக்கச் செய்யும். ஏற்கெனவே அடைப்புள்ள தமனி உடையவருக்கு இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்தால் மாரடைப்பு; மூளையில் இரத்தம் குன்றினால் பக்கவாதம். இத்தகைய விபத்துகள் ஒவ்வொன்றாகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1995இல், சியாட்டில் நகரத்து நோயாளிகளைப் பற்றி சேட்டி என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, விரைவில் செயல்பட்டு விரைவில் தீரும் கால்சியம் தடுப்பான்களை உண்டவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக நேர்ந்ததென்று தெரிவித்தது. மறு வருஷமே, நாக்கடியில் நிபெடிபின் பிழியும் வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டுமென்று அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அழுத்தத்தைக் குறைப்பது வேறு, நோயாளிக்கு நன்மை செய்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் இருதய வைத்தியத்தில் குறைவு.

அதற்குள் பரிகாரமும் ஆயத்தமாயிருந்தது. இங்கிலாந்தின் கென்ட் மாகாணத்தில் சாண்ட்விச் என்ற ஊரில் உள்ள பைசர் ஆராய்ச்சிசாலையில், சைமன் காம்ப்பெல் தலைமையிலான ரசாயனிகள், டைஹைட்ரோபிரிடின் வளையத்தின் ஓரத்தில் ஒரு சிறு அமினோ வாலைச் சேர்த்தார்கள். அந்த வால் இரத்தத்தில் நேர்மின் ஏற்றம் பெற்று, உயிரணுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு, வாயிலை மெள்ள மெள்ளத்தான் அடைகிறது. அடைந்த பின்பு எளிதில் விடுவதுமில்லை. அம்லோடிபினை விழுங்கினால் இரத்தத்தில் அது உச்சத்தை அடைய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. அதிலிருந்து பாதியாகக் குறைவதற்கோ 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கிறது. முழுப்பலன் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். நரம்புகள் பதறுவதற்கு இடமே இல்லை. அழுத்தம் இறங்கியது உடலுக்கே தெரியாமல் இறங்கிவிடுகிறது.

1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த இந்த மருந்தின் மந்தகதியைக் குறையென்று நினைத்தவர்களும் அப்போது இருந்திருக்கக்கூடும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டாலும், உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கம்பம், தேனிப் பக்கம் போய் மாத்திரையை மறந்துவிட்டாலும், ஒரு நாள் தவறினால் குடிமுழுகிப் போகாத மருந்து என்பது மலைத்தோட்டத்தில் வாழும் குடும்பத்துக்கு எத்தகைய வரப்பிரசாதம் என்பதை சாண்ட்விச் ஆராய்ச்சிசாலையில் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2002இல் வெளிவந்த ஆல்ஹாட் என்னும் பெரும் பரிசோதனையில் 33,357 பேர் சேர்ந்திருந்தனர். அம்லோடிபின், லிசினோபிரில், குளோர்தாலிடோன் என்ற மூன்றையும் ஒப்பிட்டதில், மாரடைப்பைத் தடுப்பதில் அவை சமமாகவே நின்றன. இருதயம் சோர்ந்து நீர்கோத்துக்கொள்ளும் வியாதி மட்டும், பழைய மலிவான சிறுநீர்ப்பெருக்கியாகிய குளோர்தாலிடோனைக் காட்டிலும் அம்லோடிபினில் அதிகமாகக் காணப்பட்டது. எந்த மருந்துக்கும் முழு வெற்றி இல்லை.

இந்தியாவில் அம்லோடிபின் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். மருந்துக்கே உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்ற அந்தச் சட்டத்தின் நிழலில், நம் தேசத்து ஸ்தாபனங்கள் வேறு வழியில் அதே பொருளைச் செய்து விற்றன. மத்திய சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 2017 நவம்பரில் இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகமும் சுகாதார அமைச்சகமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கிய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. ஒவ்வொரு டாக்டரும் தமக்குப் பிரியமான மருந்தை எழுதும் வழக்கத்தை விட்டு, எல்லோருக்கும் ஒரே கிரமம் வகுத்ததே அத்திட்டத்தின் சாரம். பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கிரமத்தின் முதற்படி ஐந்து மில்லிகிராம் அம்லோடிபின். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிற்று.

தேவை எவ்வளவு என்பதற்குத் திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளர்கள் 2016, 2017 வருஷங்களில் கேரளம் முழுவதும் எடுத்த கணக்கைப் பார்க்கலாம். வயதுவந்தோரில் பத்தில் மூன்று பேருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது; அவர்களில் எட்டில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. படிப்பிலும் ஆஸ்பத்திரிகளிலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது. தேயிலைத் தோட்டங்களைத் தனியே பார்த்தால் இன்னும் கவலைப்பட இடமுண்டு. அஸ்ஸாமின் தோட்டத் தொழிலாளரிடையே, திப்ருகட் ஆராய்ச்சி நிலையத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முப்பது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு உயர் அழுத்தம் இருந்தது. உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இந்த வியாதி வராது என்ற நம் நம்பிக்கை அங்கே தவிடுபொடியாகிவிடுகிறது. அங்கே தேநீரிலும் உப்பிட்டுக் குடிக்கிற வழக்கமும், புகையிலையும், சாராயமும் சேர்ந்து அந்த வினையைச் செய்தன. நம் மலைகளில் தேநீரில் உப்பில்லை. ஆனால் கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் உண்டு.

1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டந்தோறும் வைத்திய வசதி வேண்டுமென்று விதித்தது. அதன்படி டிஸ்பென்சரிகள் இருந்தன. 2000 வாக்கில் தேயிலை விலை வீழ்ந்து பீர்மேடு தாலுக்காவில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, சம்பளத்தோடு மருந்தும் நின்றது. வலியில்லாத வியாதிக்குக் கைக்காசைச் செலவிட்டு மாத்திரை வாங்க, பட்டினி கிடக்கும் வீட்டில் யார் துணிவார்கள்? உயர் இரத்த அழுத்தத்தின் துரோகமே அதுதான். பக்கவாதம் வரும்வரை அது வாயைத் திறப்பதில்லை.

இனி மாத்திரையின் உபத்திரவங்களைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறையாகிவிடும். முதலாவது கணுக்கால் வீக்கம். அம்லோடிபின் நுண்தமனிகளை விரிக்கிறது. ஆனால் இரத்தம் திரும்பிச் செல்லும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து கூடி, போக்கு கூடாமல் போவதால், நடுவில் உள்ள தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து, பாதத்தில் தங்குகிறது. சரிவிலே நாள் முழுவதும் நின்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போது, கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழும். சிலர் யானைக்கால் என்று பயந்துவிடுவார்கள். நீர் சேர்ந்திருக்கிறதே என்று சிறுநீர்ப்பெருக்கி கொடுத்தால் அதிகப் பலனில்லை, ஏனெனில் சரீரத்தில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கமன்று இது. அளவைக் குறைப்பதும், சிரைகளையும் சேர்த்து விரிக்கக்கூடிய டெல்மிசார்டன் போன்ற மருந்தைத் துணைசேர்ப்பதுமே சரியான யுக்தி. சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு.

பழங்களில் ஒன்று இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பகை. கனடாவில் டேவிட் பெய்லி என்பவர், பெலோடிபின் என்ற சகோதர மருந்தோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகுமென்று பரிசோதிக்கையில், சாராயத்தின் சுவை தெரியாதிருக்கத் திராட்சைக் கொத்துபோல் காய்க்கும் ஒருவகை நாரத்தையின் சாற்றில் அதைக் கலந்து கொடுத்தார். சாராயத்தைவிடச் சாறே பெரிய வேலை செய்தது: குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிட, இரத்தத்தில் மருந்தின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நம் மலைநாட்டுத் தோட்டங்களில் காய்க்கும் பம்பளிமாசு அந்தப் பழத்தின் நெருங்கிய பந்து. அம்லோடிபினைப் பொறுத்தவரை இந்தத் தொந்தரவு சொற்பம். நிபெடிபின், பெலோடிபின் உண்பவர்கள்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நிபெடிபினை இவ்வளவு தூஷித்துவிட்டு, அதற்குச் சேர வேண்டிய பெருமையையும் கொடுத்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் அபாயகரமாக ஏறும்போது, ஊசியோ குளிர்ப்பெட்டியோ தேவைப்படாமல் வாய்வழியே கொடுக்கக்கூடிய மருந்தாக அது இன்றைக்கும் பயன்படுகிறது. நாகபுரியில் இரண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 894 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2019இல் வெளிவந்தது. நிபெடிபின் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கட்டுப்பட்டது. பழைய பிழை மருந்திலே இருந்ததல்ல, அதைப் பிரயோகித்த அவசரத்திலே இருந்தது.

வண்டிப்பெரியாரின் எல்லைக்கே உரிய தொல்லை ஒன்று பாக்கியிருக்கிறது. இங்குள்ளவர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் உறவு உண்டு, இரண்டு மாநிலத்திலும் ஆஸ்பத்திரி உண்டு. கேரளத்து ஆஸ்பத்திரியில் வாங்கிய அட்டை தகரப்பெட்டியில் இருக்க, கம்பத்தில் மகள் வீட்டுக்குப் போன சமயத்தில் அங்கே ஒரு டாக்டர் வேறு கம்பெனியின் அட்டையை எழுதிக் கொடுத்திருப்பார். அட்டையின் நிறம் வேறு, கம்பெனி வைத்த பெயர் வேறு. ஆதலால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டையும் தின்பார்கள். மந்தகதியான மருந்தாகையால் மயக்கம் உடனே வராது. பத்து நாள் கழித்துக் கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கும். அதனால், அழுத்தம் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையில் அச்சாகியிருக்கும் மருந்தின் சாஸ்திரப் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதே அனுபவமுள்ள நர்ஸுகள் கையாளும் வழி.